வாசற்படி வரைதான் நற்செய்தி!

மலேசியாவில் திருச்சபைப் பணி: ஒரு போதகரின் கடத்தலும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டமும்

2017 பிப்ரவரி 13, காலை பத்தரை மணி. கோலாலம்பூரை ஒட்டியிருக்கும் பெட்டாலிங் ஜெயா நகரில், கெலானா ஜெயா குடியிருப்புப் பகுதி. வெள்ளி நிறக் கார் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. சட்டென்று மூன்று கறுப்பு வண்டிகள் அதைச் சுற்றி வளைத்து மறிக்கின்றன. பின்னாலேயே இன்னும் சில கார்கள், மோட்டார் சைக்கிள்கள். முகத்தை மூடிய ஆட்கள் திபுதிபுவென்று இறங்குகிறார்கள். ஒருவர் பின்னால் வரும் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார். மற்றவர்கள் காரில் இருந்தவரைத் தூக்கித் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவருடைய காரையும் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பின்னால் காரில் வந்த இளைஞர் ஒருவர், ஏதோ சினிமா படப்பிடிப்பு என்றுதான் முதலில் நினைத்ததாகப் பிறகு சாட்சியம் சொன்னார்.

தூக்கிச் செல்லப்பட்டவர் ரேமண்ட் கோ. அறுபது வயதைக் கடந்த கிறிஸ்தவப் போதகர். கணவனில்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஆகியோருக்காக 'ஹராப்பான் கொமுனிட்டி' என்ற தொண்டு அமைப்பை நடத்தியவர். அக்கம்பக்கத்து வீடுகளின் கேமராக்களில் கடத்தல் பதிவாகியிருந்தது. நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. ஆனால் அந்த மனிதரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

'காவல்துறைதான் பொறுப்பு'

2019 ஏப்ரலில் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தன் பொது விசாரணையின் முடிவை வெளியிட்டது. காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் சிறப்புப் பிரிவே ரேமண்ட் கோவைக் கடத்தியது என்பது அதன் முடிவு. இப்படிப்பட்ட முடிவை ஓர் அரசு ஆணையமே சொல்வது சாதாரண விஷயமல்ல. இருந்தும் யாரும் கைதாகவில்லை. அவருடைய மனைவி சுசானா லியூ நீதிமன்றப் படியேறினார். 2025 நவம்பர் 5 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி சூ தியாங் ஜூ, அரசும் காவல்துறையும் இதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். கடத்தப்பட்ட நாளிலிருந்து அவர் இருக்குமிடம் தெரியவரும் நாள் வரை, நாளொன்றுக்கு 10,000 ரிங்கிட் இழப்பீடு. தீர்ப்பு வந்த அன்றே அந்தத் தொகை 3.1 கோடி ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது.

அதே நாளில் இன்னொரு குடும்பத்துக்கும் தீர்ப்பு வந்தது. பெர்லிஸ் மாநிலத்தைச் சேர்ந்த அம்ரி சே மாட், ரேமண்ட் கோவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2016 நவம்பர் 24 இரவு ஏறக்குறைய அதே பாணியில் கடத்தப்பட்டவர். அவர் முஸ்லிம். ஷியா கொள்கையைப் பரப்புகிறார் என்பது அவர் மீதிருந்த சந்தேகம். ரேமண்ட் கோ மீதிருந்த சந்தேகம், மலாய் முஸ்லிம்களைக் கிறிஸ்தவராக்க முயல்கிறார் என்பது. இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். வெறும் கிறிஸ்தவர் - முஸ்லிம் தகராறாக இதைச் சுருக்கிவிட முடியாது. முஸ்லிம்களிடம் மதம் பற்றி யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதை அரசே தீர்மானிக்கும் ஒரு நாட்டில், அந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டு பேருக்கு நேர்ந்த கதி இது.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

மலேசிய அரசியல் சாசனம், பிரிவு 3(1): இஸ்லாம் கூட்டமைப்பின் மதம். மற்ற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம்.

பிரிவு 11(1): தன் மதத்தைப் பின்பற்றவும், 11(4)க்கு உட்பட்டு அதைப் பரப்பவும் எவருக்கும் உரிமை உண்டு.

பிரிவு 11(4): இஸ்லாமியரிடையே எந்த மதக் கொள்கையையும் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம்.

பிரிவு 160: இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழி பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவரே மலாய்க்காரர்.

திரெங்கானு (1980), கிளந்தான் (1981), சிலாங்கூர் (1988) உள்ளிட்ட பல தீபகற்ப மாநிலங்கள் 11(4)ஐப் பயன்படுத்தித் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. பினாங்கு, சபா, சரவாக் மாநிலங்களிலும் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்திலும் அத்தகைய சட்டம் இல்லை.

இந்த வேலி எப்போது போடப்பட்டது?

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது பீரங்கியும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்திறங்கின. மலாய் மக்களின் நினைவில் அந்தக் காயம் ஆழமானது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் உஷாராகிவிட்டார்கள். 1874 பங்கோர் ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையை சுல்தான் எல்லாவற்றிலும் கேட்க வேண்டும், மலாய் மதத்தையும் வழக்கத்தையும் தவிர. மிஷனரிகளும் அதைப் புரிந்துகொண்டு சீனர்களிடமும் தமிழர்களிடமும் போனார்கள். பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். மலாய் மாணவர்களும் அங்கே படித்தார்கள், மதம் மாறாமலே பட்டம் வாங்கினார்கள். நாடு விடுதலை பெற்றபோது அந்தப் பழைய ஏற்பாடே அரசியல் சாசனத்தில் 11(4) ஆக உட்கார்ந்தது.

இந்த வரலாற்றில் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். 1796இல் மலாக்காவில், தமிழ் முஸ்லிம் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர், தமிழும் அறிந்தவர். மிஷனரிகளுக்கு மலாய் கற்றுக்கொடுத்தார், சுவிசேஷத்தை மலாயில் கொண்டுவர உடனிருந்து உழைத்தார். ஊரார் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று கேலி செய்தார்கள். அவரோ கடைசி வரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854இல் ஹஜ் யாத்திரை போன இடத்தில் காலமானார். இன்னொரு மதத்தின் வேதத்தைத் தொட்டால் தன் மதம் கரைந்துவிடும் என்ற பயம் அவரிடம் இல்லை. இன்றைய மலேசியா அவரிடம் கற்க நிறைய இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எட்டுக் குறுந்தட்டுகள், பதின்மூன்று வருடங்கள்

சட்டத்தின் நோக்கம் முஸ்லிம்களைப் பிற மதப் பிரசாரத்திடமிருந்து காப்பது. நடைமுறையில் அடி யார் மீது விழுந்தது? பெரும்பாலும், முஸ்லிம்களிடம் பேசவே போகாத கிறிஸ்தவர்கள் மீது.

2008 மே மாதம், சரவாக் மாநிலத்தைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து என்ற பெண் இந்தோனேசியாவிலிருந்து திரும்பினார். மெலனாவ் பழங்குடியைச் சேர்ந்த கிறிஸ்தவர். சிப்பாங் விமான நிலையத்தில் அவருடைய பையிலிருந்து எட்டுக் குறுந்தட்டுகளை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவை. தலைப்புகளில் 'அல்லாஹ்' என்ற சொல் இருந்தது. 1986இல் உள்துறை அமைச்சு பிறப்பித்த ஆணைப்படி அல்லாஹ், பைத்துல்லா, காபா, சொலாட் (தொழுகை) ஆகிய நான்கு சொற்கள் கிறிஸ்தவ வெளியீடுகளில் வரக் கூடாது.

அவர் வழக்குப் போட்டார். தட்டுகள் கைக்குத் திரும்பவே 2015 ஆனது. அந்த ஆணையே செல்லாது, அது அவருடைய மத உரிமையை மீறுகிறது என்ற தீர்ப்பு 2021 மார்ச் 10 அன்றுதான் வந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2023இல் அன்வார் இப்ராகிம் அரசு அந்த மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றபோது, மதத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எதிர்க்கட்சிகள் பாய்ந்தன.

இதற்கு முன்பே கத்தோலிக்க வார இதழ் 'ஹெரால்ட்' இதே சிக்கலில் மாட்டியிருந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்த இதழ் அது. மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாதென்று அரசு தடுத்தது. தமிழ் வம்சாவளியினரான பேராயர் மர்ஃபி பாக்கியம் நீதிமன்றம் போனார். 2009 டிசம்பர் 31 அன்று உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எட்டே நாளில், கோலாலம்பூரின் மெட்ரோ டேபர்னக்கிள் ஆலயத்தில் தீ வைக்கப்பட்டது. வேறு பல ஆலயங்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் முஸ்லிம் தொண்டு அமைப்புகள் சில, ஆலயங்களுக்குக் காவல் நிற்க முன்வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆலயத்தைக் கொளுத்திய இருவருக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது.

2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அந்தச் சொல் கிறிஸ்தவ நம்பிக்கையின் இன்றியமையாத அங்கம் அல்ல என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம், நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வழக்கை மேற்கொண்டு விசாரிக்கவே மறுத்துவிட்டது. ஒரு மதத்தாருக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தைச் சேராத நீதிபதிகள் முடிவு செய்யலாமா? என் பார்வையில், இந்த வழக்கு விட்டுப்போன மிக ஆபத்தான முன்னுதாரணம் இதுதான்.

அரசு கற்றுக்கொடுத்த மொழியில் ஜெபம்

மலாய் மொழியில் கிறிஸ்தவர்கள் ஏன் ஜெபிக்க வேண்டும்? முஸ்லிம்களைக் குழப்பத்தானே? தீபகற்பத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நேர்மையாகக் கேட்கிறவர்களும் உண்டு. பதில், சபாவும் சரவாக்கும் அமைந்துள்ள போர்னியோ தீவில் இருக்கிறது.

1928இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் சரவாக்கில் போர்னியோ நற்செய்திப் பணியைத் தொடங்கினார்கள். ஆறுகளிலும் மலைகளிலும் பயணம் செய்து பழங்குடிகளிடம் போனார்கள். அந்தப் பணிதான் பிறகு 'சீடாங் இஞ்சில் போர்னியோ' என்ற, உள்ளூர்க்காரர்களே நடத்தும் திருச்சபையாக வளர்ந்தது. 1973இல் கெலாபிட் மலைக் கிராமமான பாரியோவில் பள்ளி மாணவர்களிடையே எழுந்த ஆன்மிக எழுச்சி அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. இபான், கெலாபிட், லுன் பவாங், கடாசான் என்று தாய்மொழி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. எல்லாரும் சேர்ந்து ஆராதிக்க ஒரு பொதுமொழி வேண்டும். முதலில் ஆங்கிலம் கொஞ்சம் உதவியது. பிறகு தேசியக் கல்விக் கொள்கை வந்து பள்ளிகள் மலாய்க்கு மாறின. பிள்ளைகள் அரசு சொன்னபடி மலாய் படித்தார்கள், படித்த மொழியில் ஜெபித்தார்கள். இத்தனைக்கும் மத்தேயு சுவிசேஷத்தின் மலாய்ப் பதிப்பு 1629இலேயே அச்சேறிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் இன்று வேலை தேடித் தீபகற்பத்துக்கு வருகிறார்கள். தொழிற்சாலைகள், பெருங்கடைகள், ஹோட்டல்கள், ராணுவம், ஆசிரியர் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கில ஆராதனை முடிந்த மண்டபத்தில் மலாய் ஆராதனைக்கு இவர்கள்தான் வந்து நிறைகிறார்கள். சிலாங்கூர் மாநிலச் சட்டம் இருபத்தைந்து சொற்களையும் பத்துச் சொற்றொடர்களையும் முஸ்லிம் அல்லாதோர் தங்கள் மத விஷயத்தில் பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது. 'நபி', 'இமான்', 'ரசூல்' எல்லாம் அதில் உண்டு. 'இஞ்சில்' (நற்செய்தி) என்ற சொல்லும் உண்டு. அவர்களுடைய திருச்சபையின் பெயரிலேயே அது இருக்கிறது!

வேதப் புத்தகமும் தப்பவில்லை. கிள்ளான் துறைமுகத்திலும் கூச்சிங்கிலும் 35,000 மலாய் வேதாகமங்கள் முடக்கப்பட்டன. 2011 ஏப்ரலில் அரசு பத்து அம்சத் தீர்வு ஒன்றை அறிவித்தது. அறிவித்த அமைச்சர் இட்ரிஸ் ஜாலா, அதே பாரியோவைச் சேர்ந்த கெலாபிட் கிறிஸ்தவர். சபா, சரவாக்கில் எந்த நிபந்தனையும் இல்லை. தீபகற்பத்துக்கு வரும் பிரதிகளில் சிலுவைக் குறியும் 'கிறிஸ்தவ வெளியீடு' என்ற வாசகமும் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் படிக்கும் மகளுக்கு ஒரு சரவாக் தாய் அனுப்பும் வேதாகமம் கடலைத் தாண்டியதும் வேறு சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தத் தீர்வும் காக்கவில்லை. 2014 ஜனவரி 2 அன்று சிலாங்கூர் இஸ்லாமியத் துறை, மலேசிய வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்தில் புகுந்து, மலாய், இபான் மொழிகளிலான முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை அள்ளிச் சென்றது. அவை மீண்டது அந்த ஆண்டின் நவம்பரில்.

■ பெட்டிச் செய்தி: எண்களில் மலேசியா

2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.24 கோடி. இஸ்லாமியர் 63.5%, பௌத்தர் 18.7%, கிறிஸ்தவர் 9.1%, இந்துக்கள் 6.1%.

சரவாக்கில் கிறிஸ்தவர் 50.1%, சபாவில் 24.7%. நாட்டின் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த இரு மாநிலங்களில்தான்.

2010 கணக்கெடுப்பில், மலேசிய இந்தியர்களில் 6% பேர் கிறிஸ்தவர்கள்.

ஒரு வேளைச் சோறும் சந்தேகத்துக்குரியது

2011 ஆகஸ்ட் 3 இரவு, டாமன்சாரா உத்தாமா மெதடிஸ்ட் ஆலய வளாகத்தில் ஒரு விருந்து. ரேமண்ட் கோவின் ஹராப்பான் கொமுனிட்டி நடத்திய நன்றி கூறும் நிகழ்ச்சி. சிலாங்கூர் இஸ்லாமியத் துறையினர் உள்ளே நுழைந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த பன்னிரண்டு முஸ்லிம்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று சிலாங்கூர் சுல்தான் அறிவித்தார். ஆனால் அந்த முஸ்லிம்களுக்கு மத ஆலோசனை வழங்கப்படும் என்றார். ரேமண்ட் கோவின் வீட்டுக்குத் துப்பாக்கித் தோட்டாக்கள் தபாலில் வந்தன.

முஸ்லிம் தரப்பின் கவலையை ஒதுக்கித் தள்ள நான் தயாரில்லை. அரிசிப் பையையும் துண்டுப் பிரசுரத்தையும் ஒரே கையில் நீட்டிய மிஷனரிகள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். பசித்தவனிடம் மதத்தை விற்பது அநியாயம். அதைத் தடுக்கச் சட்டம் இருப்பதில் தப்பில்லை. ஆனால் மலேசியச் சட்டத்தின் விளைவு வேறு மாதிரி ஆகிவிட்டது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு மலாய்ப் பெண் உதவி கேட்டு ஆலயத்தின் வாசலில் நின்றால், உள்ளே கூப்பிடலாமா என்று போதகர் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் பயம், அவருக்கும் பயம். பல ஆலயங்கள் 'முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும்' என்று அச்சிட்டுவிட்டுத்தான் துண்டறிக்கையே வெளியிடுகின்றன. மதமாற்றத்தைத் தடுக்கப் போட்ட வேலி, மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவியையும் தடுத்து நிற்கிறது.

கட்டடம் எழுப்புவதும் லேசல்ல. சிலாங்கூரின் தலைநகர் ஷா ஆலமில் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழும்ப ஏறத்தாழ 28 ஆண்டுகள் பிடித்தன. 2005இல் திறந்தபோது அது அமைந்திருந்த இடம் தொழிற்பேட்டைப் பகுதி. சிறிய சபைகள் பலவும் கடைவீட்டின் மாடியில்தான் கூடுகின்றன. கீழே பட்டறையோ சாப்பாட்டுக் கடையோ இருக்கும். 2015 ஏப்ரலில், பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் இப்படியொரு கடைவீட்டுச் சபை வெளிச்சுவரில் சிலுவை வைத்தது. ஞாயிறு காலை ஐம்பது பேர் திரண்டு வந்து எதிர்த்தார்கள். அன்றே சிலுவை இறக்கப்பட்டது.

2023இல், பல மத வழிபாட்டிடங்களை இளைஞர்களுக்குச் சுற்றிக் காட்டும் அரசு சார்ந்த திட்டம் ஒன்று கிள்ளானிலுள்ள தேவாலயத்துக்குப் போவதாக இருந்தது. முஸ்லிம் இளைஞர்கள் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று மாநில மத அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் கும்பிடுகிறான் என்று எட்டிப் பார்ப்பதுகூட ஆபத்து என்று ஒரு தலைமுறைக்குக் கற்பிக்கப்படுகிறது.

மிச்சமிருப்பவர்கள் தமிழரும் சீனரும்

மலாய்க்காரர்களிடம் போக முடியாத சபைகள் எங்கே போகும்? சீனர்களிடமும், தமிழர்களிடமும், தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி பழங்குடிகளிடமும்தான். தமிழர் வாழும் தோட்டங்களுக்கு லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கப் பணி காலனி காலத்திலேயே வந்தது. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலையில் போனால் தமிழ்க் கூட்டம் அலைமோதும். தோட்டங்கள் மூடப்பட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களிடையே பெந்தெகொஸ்தே சபைகள் வேரூன்றின. அங்கே குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு டியூஷன் கிடைத்தவர்கள் உண்டு. மதம் மாறிய தம்பியோடு பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்ட அண்ணன்களும் உண்டு.

இந்து அமைப்புகளின் மனக்குறை நியாயமானது: எங்கள் வாசல் மட்டும் ஏன் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது? ஒரு பக்கம் சர்ச், இன்னொரு பக்கம் இஸ்லாமியத் துறை. 2005இல் எவரெஸ்ட் மலையேற்றக் குழு வீரர் மூர்த்தி இறந்தபோது, அவர் இஸ்லாத்துக்கு மாறியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் அறிவித்தது. இந்து மனைவியால் சடலத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. உள்ளே வருவதற்குச் சட்டம் எளிதாக வழிவிடுகிறது. வெளியே போக?

அடையாள அட்டையில் ஒரு சொல்

லினா ஜாய் மலாய்ப் பெண். 1998இல் ஞானஸ்நானம் பெற்றார். அடையாள அட்டையில் பெயரை மாற்றிக்கொண்டார். ஆனால் 'இஸ்லாம்' என்ற சொல் அட்டையை விட்டுப் போகவில்லை. அது இருக்கும்வரை அவர் காதலித்த கிறிஸ்தவரைச் சட்டப்படி மணக்க முடியாது. 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம், முதலில் ஷரியா நீதிமன்றத்தின் சான்றிதழோடு வாருங்கள் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி, சபாவிலிருந்து வந்த ரிச்சர்ட் மலஞ்சும். மதத்தை விட்டு விலக விரும்புவதையே சில மாநிலங்கள் குற்றமாகக் கருதும்போது, அதே மன்றத்தில் போய் அனுமதி கேள் என்பது எப்படி நியாயமாகும் என்பதே அவருடைய மாறுபட்ட தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் அதற்குத் திருப்தியான பதிலை யாரும் தரவில்லை.

சரவாக்கில் சிக்கல் இன்னும் சிடுக்கானது. பெற்றோர் மதம் மாறியதால் எட்டு வயதில் முஸ்லிமாகப் பதிவான பிடாயூ இளைஞர் ரூனி ரெபிட், வளர்ந்து கிறிஸ்தவரானார். 2016 மார்ச்சில் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவர் கிறிஸ்தவரே என்று ஏற்று, அட்டையை மாற்ற உத்தரவிட்டது. ஆலயங்களில் மகிழ்ச்சி. இரண்டே ஆண்டில், 2018 பிப்ரவரியில், இஸ்லாத்தை விட்டு விலக விரும்பிய நான்கு சரவாக்கியரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் மறுபடியும் ஷரியா நீதிமன்றத்தையே கைகாட்டிவிட்டது. அந்த மாநில ஷரியா சட்டத்திலோ விலகுவதற்கென்று வெளிப்படையான பிரிவு எதுவும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை, சுல்தான்களின் அதிகாரத்தில் கை வைக்கவும் தேவையில்லை. இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. மதத்தை விட்டு விலக விண்ணப்பிக்க நெகிரி செம்பிலான் மாநிலம் ஏற்கெனவே சட்டத்தில் வழி வைத்திருக்கிறது. ஆலோசனை, காத்திருப்பு என்று நீளும் வழிதான் அது, ஆனால் முடிவில் ஷரியா நீதிபதி தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மக்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக இருக்கும் சரவாக்கின் சட்டமன்றம் அதே போன்ற ஒரு பிரிவை இயற்ற கோலாலம்பூரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.